குத்தம்பாக்கம்: ஓர் ஊரின் நீரும் மருந்தும்

நம் கல்லூரி இதழின் தமிழ்ப் பகுதியில் ஆண்டுதோறும் சங்கப் புலவர் பெருமையும் சோழர் கொற்றமும் கம்பர் கவிநயமும் பேசப்பெறுதல் வழக்கம். அவ்வழக்கிற்கு மாறாக ஈண்டு யான் எடுத்துக்கொண்ட பொருள் ஒரு சாக்கடை. அன்பர்கள் முகஞ் சுளித்தல் வேண்டா. ஓர் ஊரின் வரலாற்றை அதன் கோபுரத்தினின்று படித்தல் ஒருமுறை. அதன் கிணற்றினின்றும், மருந்துச்சாலையினின்றும், கழிநீர் ஓடும் காலினின்றும் படித்தல் மற்றொரு முறை. முன்னதனைப் பலர் செய்துள்ளனர். பின்னதனை என் சிற்றறிவுக்கு எட்டிய அளவு செய்ய முயல்கின்றேன்.

குத்தம்பாக்கம் என்னும் ஊர் பூவிருந்தவல்லிக்கு மேற்கே, பெங்களூர்ப் பெருஞ்சாலையைச் சார்ந்து, திருமழிசையை அடுத்து உள்ளது. சென்னைக் கோட்டையிலிருந்து ஏறக்குறைய 30 கிலோமீட்டர் தொலைவு. அண்மையில் உள்ளன ஆழ்வார் ஒருவர் அவதரித்த திருமழிசையும், சேக்கிழார் பெருமான் பிறந்த குன்றத்தூரும், செம்பரம்பாக்கத்துப் பேரேரியும். ஏழு சிற்றூர்கள் கூடிய ஊராட்சி அது. ஐயாயிரம் பேர் அளவில் வாழ்ந்த ஊர். அவருள் ஏறக்குறையப் பாதிப்பேர் தாழ்த்தப்பட்ட வகுப்பினர். 'பாக்கம்' என முடியும் ஊர்ப்பெயர்கள் தொண்டை மண்டலத்தில் எண்ணிறந்தன. முன்னுள்ள 'குத்தம்' என்பதனை ஆராயப் புகின் கட்டுரை வேறு வழிச் சென்றுவிடும். பேச்சுவழக்கில் குற்றத்தைக் குத்தம் என்பராதலின், கள்ளச்சாராயம் காய்ச்சுதற்குப் பேர்போன காலத்தில் அயலூரார் இப்பெயரைக் கொண்டு ஏளனம் செய்திருப்பின் அது வியப்பன்று.

பொதுப்பணியும் மருத்துவமும் வெள்ளையர் கொணர்ந்த புதுமைகள் என்பார் உளர். அவர் காஞ்சிக்கு அணித்தாகிய திருமுக்கூடல் சென்று காணல் வேண்டும். பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் அவ்விடத்துப் பெருமாள் கோயிலில், வீரராசேந்திர சோழன் காலத்து நீண்ட கல்வெட்டொன்று உளது. கி.பி. பதினோராம் நூற்றாண்டின் பிற்பகுதியது. வீரசோழன் என்னும் பெயருடைய ஆதுலசாலையில் பதினைந்து நோயாளிகள் கிடத்தற்கு இடமிருந்தது என்றும், மருத்துவன் ஒருவன், அறுவை செய்வான் ஒருவன், மூலிகை கொணர்ந்து மருந்து சமைப்பார், நோயாளிகளைப் பேணும் பெண்டிர், நாவிதன் ஆகியோர்க்கு இன்ன இன்ன ஊதியம் என்றும், ஓராண்டுக்குச் சேமித்து வைக்கவேண்டிய மருந்துகள் இவை என்றும் அது கூறுகின்றது. ஆதுலர் என்றால் நோயாளர். இத்துணை அழகிய சொல்லை மறந்து 'ஆஸ்பத்திரி' என்கின்றோமே என்று தமிழ் பயிலும் எமக்கு ஒரு வருத்தம் உண்டு, அது கிடக்க.

பெருமைப்படுதற்குரிய சாசனமே இது. ஆயினும் அதனை முழுதும் படித்தவர் மற்றொன்றையும் காண்பர். அவ்வாதுலசாலை ஊரார் யாவர்க்கும் ஆனதன்று. ஆங்கு வேதம் பயின்ற மாணாக்கர்க்கும், ஆசிரியர்க்கும், கோயிற் பணியாளர்க்குமே அமைந்தது. இவ்வாறே உத்தரமேரூரின் 919, 921-ஆம் ஆண்டுக் குடவோலைச் சாசனங்களை நாம் குடியாட்சியின் தொட்டில் என்று கொண்டாடுகின்றோம். ஏரி வாரியம், தோட்ட வாரியம் எனப் பிரித்து ஊர்ப்பணிகளை அவர்கள் நடத்திய முறை வியக்கத்தக்கதே. முன்பு வாரியஞ் செய்து கணக்குக் காட்டாதோரும் அவர்தம் சுற்றத்தாரும் மறுமுறை பெயரெழுதப்பெறார் என்ற விதியை இக்காலத்தார்க்கும் எழுதிக் கொடுக்கலாம். ஆனால் கால் வேலிக்கு மேல் இறைநிலம் உடைமை, சொந்த மனையில் வீடு, வேதப் பயிற்சி என்பன குடத்துள் ஓலை இடுதற்குரிய தகுதிகள். ஏரியைத் தூர்வாரிய கைகள் குடத்தருகே செல்லவில்லை. நீரும் மருந்தும் யாருக்கு என்ற வினா அன்றே எழுந்துவிட்டது. கீழ்வரும் வரலாறு முழுதும் அவ்வினாவின் வரலாறே ஆகும்.

கும்பினி ஆட்சிக்கு வருவோம். சென்னைக் கலெக்டராயிருந்த எல்லிஸ் துரை 1818-ஆம் ஆண்டு பஞ்சத்தின்போது நகரில் 27 கிணறுகள் அகழ்வித்தார். அச்செய்தியைத் தமிழ்ச் செய்யுளாற் கல்லில் பொறித்து அதில் திருக்குறளையும் எடுத்தாண்டார். அம்மைப்பால் குத்திக்கொள்ள மக்கள் அஞ்சிய காலத்தில், அம்மையே தன்வந்திரிக்கு அம்மருந்தின் பெருமையை உரைப்பதாகத் தமிழில் ஒரு கதை எழுதியவரும் அவரே. மருந்தைக் கொடுத்தல் மட்டும் போதாது, மக்கள் நெஞ்சம் கொள்ளும் மொழியில் கொடுத்தல் வேண்டும் என்று அவர் உணர்ந்திருந்தார்.

அதே நூற்றாண்டில் பூவிருந்தவல்லியில் ஆங்கிலப் படையினரின் பாளையம் இருந்தது. நோயுற்ற வெள்ளைச் சிப்பாய்கள் உடல் தேறுதற்கு ஏற்ற நல்ல காற்றுடைய இடம் அஃதென்று கருதி ஆங்கு அவரைத் தங்குவித்தனர். காற்று நல்லதாயிருந்தது, மருத்துவரும் இருந்தனர். அக்காற்றையே மூச்சிழுத்த குத்தம்பாக்கம் போன்ற சுற்றூர்ச் சேரியாருக்கோ நாட்டு வைத்தியனும், வேப்பிலையும், விதியுமே துணை.

சேரி மக்களின் நிலையை அரசாங்கத்தின் கண்முன் கொணர்ந்தது 1891-ஆம் ஆண்டில் செங்கற்பட்டுக் கலெக்டர் திரமன்ஹீர் எழுதிய அறிக்கை. அவர் முதலிற் பேசியது மருந்தைப் பற்றியன்று. குடியிருக்கும் மனையைப் பற்றி. குடிசை நிற்கும் அடிநிலம் மிராசுதாருடையதாதலின் எதிர்த்துப் பேசியவனை ஒரே நாளில் வீதியில் நிறுத்தலாம். மனை இல்லாதவனுக்குக் கிணறில்லை. கிணறில்லாதவனுக்கு நோயினின்று விடுதலை இல்லை. இவ்வறிக்கையின் பயனாக 1892-ஆம் ஆண்டில் அரசாணை பிறந்தது; பஞ்சமி நிலம் என வழங்குவன அதன் வழியே வந்தன. அக்காலத்துச் செங்கற்பட்டு ஜில்லாவில் உழைத்த ஸ்காத்லாந்து சபையின் ஆதாம் அந்திரு ஐயரும், திருவள்ளூரை அடுத்த ஈக்காட்டில் இருந்த வெஸ்லியன் சபையின் கௌடி ஐயரும் இம்மக்களுக்காக வாதாடியோருள் முன்னின்றவர். ஈக்காட்டில் மிஷன் மருத்துவமனையும் எழுந்தது. மிஷன் கல்லூரி மாணவன் ஆதலின் இதனைச் சொல்லுதலில் எனக்கு ஒரு மகிழ்ச்சி இருத்தல் இயல்பே. ஆயின் நம் சபைகளிலேயே தனிப் பந்தியும், தனித் தெருவும், தனிக் கல்லறைத் தோட்டமும் இருந்தன என்பதனை மறைத்துவிட்டு மகிழ்தல் வாய்மை ஆகாது.

ஈண்டு யாழ்ப்பாணத்திற்குச் சற்றே கடல் கடந்து செல்ல அன்பர்கள் பொறுத்தருள வேண்டும். அமெரிக்க மிஷன் மருத்துவராகிய சாமுவேல் கிறீன் 1847-ஆம் ஆண்டில் இலங்கை போந்து மானிப்பாயில் வைத்தியசாலை நடத்தினார். முதலில் அவர் மாணாக்கர்க்கு ஆங்கிலத்திலேயே மருத்துவம் கற்பித்தார். கற்றோர் பலர் என் செய்தனர்? சர்க்கார் உத்தியோகத்தையும் மிகுதியான சம்பளத்தையும் நாடி ஊரை விட்டு அகன்றனர். இதனைக் கண்ட கிறீன், 1860-களில் பாடத்தைத் தமிழாக்கினார். தமிழிற் கற்றவன் தமிழர் நடுவே தங்குவான் என்பது அவர் கணக்கு. அதற்காக உடற்கூறு, பிரசவ வைத்தியம், இரண வைத்தியம், இரசாயனம் முதலிய துறைகளில் பெருநூல்களைத் தம் மாணாக்கர் துணையுடன் மொழிபெயர்த்தார். அங்காதிபாதம், சுகரணவாதம், உற்பாலனம் என்ற சொற்களை இன்று கேட்பின் புதியனவாய் ஒலிக்கும். உற்பாலனம் என்பது நாம் இப்பொழுது சுகாதாரம் என்பதே. அறுபதுக்கு மேற்பட்டோரை அவர் மருத்துவராக்கினார். 1884-ஆம் ஆண்டில் தம் நாட்டில் மறைந்தபோது, தமிழர்க்கு மருத்துவத் தொண்டர் என்று தம் கல்லறையிற் பொறிக்குமாறு விரும்பிய பெரியார் அவர்.

இதனை ஏன் கூறினேன்? சிற்றூர்களின் மருத்துவக் குறை மருந்தின்மையால் மட்டும் விளைந்ததன்று; கற்றவன் ஊரில் தங்காமையால் விளைந்தது. கிறீன் கண்ட நோய் இதுவே. இந்நோய் நூற்றைம்பது ஆண்டுகட்குப் பின்னும் தீர்ந்தபாடில்லை. குத்தம்பாக்கத்து வரலாற்றின் திருப்பமும் இதனையே பற்றியது என்பதைப் பின்னர்க் காண்போம்.

சட்டங்களை விரைவிற் கடந்து செல்வோம். ரிப்பன் பிரபுவின் 1882-ஆம் ஆண்டுத் தீர்மானத்தையொட்டிச் சென்னை மாகாணத்தில் 1884-ஆம் ஆண்டு ஸ்தல ஸ்தாபனச் சட்டம் வந்தது. ஜில்லா போர்டும் தாலூகா போர்டும் சாலை, சத்திரம், பள்ளி, மருந்துச்சாலை, அம்மைகுத்துதல் ஆகியவற்றை நடத்தின. 1920-ஆம் ஆண்டில் கிராமப் பஞ்சாயத்துச் சட்டம். 1924-ஆம் ஆண்டளவில், பனகல் அரசர் முதலமைச்சராயிருந்தபோது, கிராமத்திற் குடியேறி வைத்தியம் பார்க்க ஒப்பும் மருத்துவர்க்கு உதவித்தொகை தரும் திட்டம் தொடங்கிற்று. 1939-ஆம் ஆண்டில் பொதுச் சுகாதாரச் சட்டம். இந்தியாவில் இத்தகைய சட்டத்திற்கு முதன்மை சென்னையதே. 1946-ஆம் ஆண்டில் போர் குழுவின் அறிக்கை. 1952-ஆம் ஆண்டு முதல் ஆரம்ப சுகாதார நிலையங்கள்.

இவற்றினிடையே ஒன்றனை மட்டும் நின்று நோக்குதல் வேண்டும். செங்கற்பட்டு ஜில்லாவில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் அவர்கள் சென்னைச் சட்டசபையில் கொணர்ந்த தீர்மானத்தின்படி, 1924-ஆம் ஆண்டு செப்டெம்பர் 25-ஆம் நாள் அரசாணையொன்று வெளிவந்தது. பொதுச் சாலை, பொதுக் கிணறு, குளம், பொது அலுவலகம் ஆகியவற்றை எவ்வகுப்பினரும் தடையின்றி அணுகலாம் என்பது அதன் பொருள். ஒரு மனிதன் சாலையில் நடக்கலாம் என்று சொல்லுதற்கு ஓர் அரசாணை வேண்டியிருந்தது! நடக்கலாகாத சாலையின் முடிவில் இலவச மருந்துச்சாலை இருந்து பயன் என்னை?

சாலையும் ஒரு மருந்தே. எம் பாட்டியார் பிறந்தது இப்பகுதியில் ஒரு சிற்றூர். அவர்தம் தமக்கையார் தலைப்பேற்றின்போது வேதனை முதிர்ந்து, மாட்டுவண்டியில் நகரத்து மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லப்பட்டார். ஐப்பசி அடைமழை, ஏரிக் கலங்கல் வழிந்து வண்டிப்பாதை சேறாயிருந்தது. வண்டிச் சக்கரம் அச்சளவும் புதைந்தது. ஆடவர் தோள்கொடுத்து நகர்த்திக்கொண்டிருக்கும்போதே தாயும் சேயும் இறந்தனர். மருத்துவமனையின்மீது ஒரு பிழையும் இல்லை. அதன் வாயிலை அவர் காணவேயில்லை. இக்கதையைப் பாட்டியார் சொல்லும்போதெல்லாம் தமக்கையின் பெயரைச் சொல்லார். 'அந்த வண்டி' என்றே தொடங்குவார்.

இனிக் குத்தம்பாக்கத்துக்கு வருவோம்.

இந்திய அரசியல் சாசனத்தின் 73-ஆவது திருத்தம் 1993-ஆம் ஆண்டு ஏப்ரல் 24-ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. அதன்வழித் தமிழ்நாட்டு ஊராட்சிகள் சட்டம் 1994-ஆம் ஆண்டிலும், தேர்தல் 1996-ஆம் ஆண்டிலும் நிகழ்ந்தன. அத்தேர்தலில் குத்தம்பாக்கத்தின் தலைவரானவர் இளங்கோ ரங்கசாமி. அவ்வூரில் தாழ்த்தப்பட்ட வகுப்பிற் பிறந்தவர். சென்னை அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரியில் இரசாயனப் பொறியியல் கற்றவர். அறிவியல் தொழில் ஆராய்ச்சிக் கழகத்தில் விஞ்ஞானியாய் இருந்தவர். அப்பணியைத் துறந்து ஊருக்கு மீண்டார். கிறீன் தேடிய மனிதர் இத்தகையர் அல்லரோ? கற்றவர் ஒருவர் புறத்தே செல்லும் சாலையில் எதிர்த்திசையில் நடந்து வந்தார்.

அப்போது ஊரின் நிலை யாது? கள்ளச்சாராயம் பலர்க்குப் பிழைப்பு. அதனால் வீடுதோறும் அடியும் பூசலும். தெருக்களிற் கழிநீர் தேங்கிக் கிடந்தது. தேங்கிய அழுக்குநீரிற் பெருகும் க்யூலெக்ஸ் என்னும் கொசுவே யானைக்கால் நோயைப் பரப்புவது. செங்கற்பட்டுப் பகுதி அந்நோய்க்குப் பல்லாண்டு இரையாயிருந்தது. 1877-ஆம் ஆண்டில் மான்சன் என்பார் அந்நோய்க்கும் கொசுவுக்கும் உள்ள தொடர்பைக் கண்டார். 1854-ஆம் ஆண்டிலேயே இலண்டனில் ஸ்நோ என்பார் வாந்திபேதி தண்ணீர்வழி வருவதனைக் காட்டினார். அறிவு நூற்றாண்டுக்கு முன்பே பிறந்துவிட்டது. அது குத்தம்பாக்கத்துத் தெருவரை வந்து சேரவில்லை என்பதே குறை. மருந்துச்சாலைக்குத் திறப்புவிழா நடத்துவார் பலர். சாக்கடைக்கு மாலையிடுவார் யார்? ஆயினும் பத்து மருத்துவர் கொடுக்கும் மருந்தினும் ஓடுகின்ற ஒரு கால்வாய் நோயை மிகுதியும் தடுக்கும் என்று துணிந்து கூறலாம்.

இளங்கோ அவர்கள் கால்வாய் கட்ட முற்பட்டார். ஒப்பந்தக்காரரிடம் விட்டு, செங்கல்லும் சிமெண்டும் திட்ட மதிப்பீட்டின்படி வாங்கிச் செய்தல் வழக்கம். அவரோ, அண்மையில் கருங்கல் மெருகிடும் தொழிற்சாலைகளில் வீணாய்க் குவிந்திருந்த கல்துண்டுகளைக் கொணர்ந்து, ஊராரையே வேலைக்கு அமர்த்திக் கட்டினார். செலவு பெரிதும் குறைந்தது, கூலி ஊருக்குள்ளேயே நின்றது, கல்லும் உறுதியானது. ஆனால் மதிப்பீட்டில் எழுதிய பொருள் வேறு, கட்டிய பொருள் வேறு. இதனைப் பிடித்துக்கொண்டு முறைகேடு என்று புகார் எழுந்தது. ஊராட்சிச் சட்டத்தின் 205-ஆம் பிரிவு தலைவர்மீது நடவடிக்கை எடுக்கக் கலெக்டர்க்கு அதிகாரம் தருகின்றது. அவர் தம் முதற் பதவிக்காலத்திலேயே பதவியினின்று நிறுத்திவைக்கப்பட்டார்.

இவ்விடத்தில் ஒருவன் செய்யக்கூடியன மூன்று. வழக்காடலாம், யாரையேனும் பிடித்து வேண்டலாம், வீட்டிற்குப் போய்விடலாம். இளங்கோ அவர்கள் காந்தியடிகள் வழியை மேற்கொண்டு உண்ணாநோன்பு இருந்தார். கணக்குகளைக் கிராம சபையின்முன் விரித்துவைத்தார். ஊரார் பெருந்திரளாய்க் கூடி, எம் தலைவர்மீது எமக்கு ஐயமில்லை என்று தீர்மானித்தனர். அவர் மீளவும் பதவி பெற்றார். 2001-ஆம் ஆண்டில் மறுமுறையும் தேர்ந்தெடுக்கப்பட்டார். கணக்குக் காட்டாதவன் பெயர் குடத்தில் இடப்படாது என்ற உத்தரமேரூர் விதியை இதனோடு ஒப்பிட்டு எண்ணுமின்! வேறுபாடு ஒன்றே: உத்தரமேரூரில் குடத்தருகே செல்லக்கூடாதிருந்தவரின் வழிவந்தோர், குத்தம்பாக்கத்திற் குடத்தைச் சுற்றி நின்றனர்.

அதிகாரிகளின் பக்கத்திலும் நின்று பார்த்தல் நீதி. மதிப்பீட்டை மீறலாம் என்று ஒரு நல்லவர்க்கு இடங்கொடுத்தால், அதே வழியாய்ப் பத்துப் பொல்லாதவர் நுழைவர் என்பது அவர்தம் அச்சம். அஃது அடியோடு பொய்யன்று. ஆயினும் கணக்கைக் காக்கும் காவலர் ஊராரே ஆயின், அவ்வச்சம் பாதியளவேனும் நீங்கும் என்பது என் துணிபு.

அடுத்தது வீடு. பல வகுப்பினரையும் ஓரிடத்தில் நூறு வீடுகளிற் குடியேற்றும் சமத்துவபுரத் திட்டத்தைத் தமிழக அரசு தொடங்கி, முதலாவதனை 1998-ஆம் ஆண்டில் மதுரை மாவட்டத்து மேலக்கோட்டையில் திறந்தது. 2000-ஆம் ஆண்டளவில் குத்தம்பாக்கத்தில் எழுந்தது தனித்தன்மை உடையது. ஆங்குள்ளவை இரட்டை வீடுகள்; ஐம்பது இணைகள். ஓர் இணையின் ஒரு பாதியில் தாழ்த்தப்பட்ட வகுப்புக் குடும்பம், மறுபாதியில் பிற வகுப்புக் குடும்பம். இடையே ஒரே சுவர். திரமன்ஹீர் கண்ட மனையற்ற மக்களின் வழித்தோன்றல்களுக்கு மனை கிடைத்ததோடு, அயலானும் கிடைத்தான். ஊர்மண்ணை அழுத்தி உருவாக்கிய கற்களைக் கொண்டு, உள்ளூர்த் தொழிலாளரால், சிக்கனமாகக் கட்டுதலே இங்குப் பின்பற்றிய நெறி.

இந்நெறிக்கு ஆசிரியர் ஒருவர் உண்டு. அவர் தஞ்சையிற் கிறிஸ்தவக் குடும்பத்திற் பிறந்த ஜே. சி. குமரப்பா. இலண்டனிலும் அமெரிக்காவிலும் கணக்கும் பொருளாதாரமும் கற்று, ஆங்கில உடையைக் களைந்து கதருடுத்துக் காந்தியடிகளுடன் உழைத்து, 1960-ஆம் ஆண்டு ஜனவரி 30-ஆம் நாள் மறைந்தவர். ஊரில் விளைவதனை ஊரிலேயே பண்டமாக்கி, அண்டை ஊர்களோடு மாற்றிக்கொண்டால் செல்வம் நகரத்துக்கு வழிந்தோடாது என்பது அவர் கொள்கை. சாராயத்தை நிறுத்தச் சொல்லுதல் எளிது. அதற்கு மாற்றாக ஒரு பிழைப்பைத் தருதல் அரிது. அவ்வரிய பகுதிக்கே இளங்கோ அவர்கள் குமரப்பாவின் வழியைத் துணைக்கொண்டார். 2001-ஆம் ஆண்டில் பிற ஊராட்சித் தலைவர்களைப் பயிற்றுதற்குப் பஞ்சாயத்துக் கழகம் ஒன்றும் தொடங்கினார். நம் கல்லூரிகளில் குமரப்பாவின் பெயர் அறிந்தோர் எத்துணையர் என்று கேட்பின் நமக்கு நாணமே மிஞ்சும்.

நகரத்துக்கும் இவ்வூருக்கும் உள்ள உறவு விந்தையானது. செம்பரம்பாக்கத்து ஏரிநீர் சென்னைக்கு உயிர்நீர். 2007-ஆம் ஆண்டில் ஏரிக்கரையில் நாளொன்றுக்கு 53 கோடி லிட்டர் நீரைத் தூய்மையாக்கும் நிலையம் திறக்கப்பட்டது. நல்லநீர் இவ்வழியிற் கிழக்கே சென்றது. அதற்கு ஈடாக நகரம் அனுப்ப எண்ணியது யாது? தன் குப்பையை! பெருங்குடியும் கொடுங்கையூரும் நிரம்பிய பின், குத்தம்பாக்கத்து மேய்க்கால் நிலத்திற் குப்பைக்கிடங்கு அமைத்தல் என்று திட்டமிட்டனர். அந்நிலத்தில் விழும் மழைநீர் ஏரியைச் சாருமாதலின், நகரத்தார் தம் குப்பையின் சாற்றையே திரும்பப் பருகுவர் என்று ஊரார் எடுத்துரைத்தனர், எதிர்த்துக் கூடினர், நீதிமன்றத்தையும் நாடினர். 2020-ஆம் ஆண்டில் கொள்ளைநோய்க் காலத்துக் கோயம்பேட்டுக் காய்கறிச் சந்தை சில திங்கள் திருமழிசைக்குப் பெயர்க்கப்பட்டமை யாவரும் அறிவர். மேற்றிசைப் பேருந்துகளுக்கான பெருநிலையத்திற்கும் குத்தம்பாக்கத்து நிலமே தேர்ந்தெடுக்கப்பட்டது. நகரத்துக்கு இடம் வேண்டுமாயின் இவ்வூர் நினைவுக்கு வரும். இவ்வூருக்கு ஒன்று வேண்டுமாயின் நகரத்துக்கு நினைவு வர நேரமாகும்.

மருத்துவத்தைப் பற்றி இன்னும் சிறிது. ஐயாயிரம் மக்களுக்கு ஒரு துணைச் சுகாதார நிலையம், முப்பதினாயிரவர்க்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் என்பது சமவெளிக்கு வகுத்த அளவு. எனவே குத்தம்பாக்கம் அளவான ஓர் ஊருக்கு வாயிலில் வந்து நிற்கும் மருத்துவம் கிராமச் செவிலியரே. கருவுற்றாரைப் பதிவு செய்தல், குழந்தைகட்குத் தடுப்பூசி இடுதல், இரும்புச்சத்து மாத்திரை கொடுத்துவிட்டு அதனை விழுங்கினரா என்று மீண்டும் வந்து கேட்டல் ஆகிய யாவும் அவர் கடன். இவர்களைப் பற்றி யாரும் காவியம் பாடுவதில்லை. மாத்திரை வாங்கியவர் அனைவரும் விழுங்கியதில்லை என்பதனை அறிந்தவரும் அவர் ஒருவரே.

1994-ஆம் ஆண்டில் தோன்றிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் அரசு நிலையங்கட்கு மருந்தைக் கூட்டாக வாங்கி வழங்கத் தலைப்பட்டமையால், சிற்றூர் நிலையத்திலும் மருந்து இருப்பு உறுதிப்பட்டது. திருமுக்கூடற் சாசனத்தில் ஓராண்டு மருந்து இருப்பை எழுதிவைத்தானே, அவனுக்கு இஃது உவப்பளித்திருக்கும். 2008-ஆம் ஆண்டு முதல் 108 ஊர்தி. 2021-ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல், நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்திற்கும் வீடுதேடி மருந்து தரும் திட்டம். பெருஞ்சாலை ஓரத்துத் தண்டலத்திலும், போரூரிலும் தனியார் மருத்துவக் கல்லூரிகள் வானளாவ நிற்கின்றன. 'அந்த வண்டி' சென்ற பாதையில் இப்பொழுது அரை மணியில் மூன்று பெரிய மருத்துவமனைகளைக் கடக்கலாம். ஆயின் அவற்றின் வாயிலில் நுழைதற்கு வேண்டும் பொருள் யாவர் கையிலும் உண்டோ என்பது வேறு கேள்வி. திருமுக்கூடலில் வேதம் கற்றவர்க்கு இடம் இருந்தது. இக்காலத்தில் சில இடங்களில் பணம் கற்றவர்க்கு.

சென்ற மார்கழி விடுமுறையில் யானும் என் வகுப்புத் தோழர் ஒருவரும் குத்தம்பாக்கம் சென்றோம். பெருஞ்சாலையில் இறங்கி நடந்தோம். கழிநீர்க் கால்வாயைக் காணவே வந்தோம் என்று சொல்லக் கூசி, வழிகேட்டவரிடம் சமத்துவபுரம் எங்கே என்று வினவினோம். வழியில் ஒரு கால்வாயின் ஓரத்தில் மெருகிட்ட கருங்கல் துண்டு ஒன்று வெயிலில் மின்னிற்று. என் தோழர் அதன்மேல் கால்வைத்து, "இது ஏதோ மாளிகைக்குப் போக வேண்டிய கல்" என்றார்.

இரட்டை வீடொன்றின் திண்ணையில் மூதாட்டியார் ஒருவர் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். "எந்தக் காலேஜு கண்ணு? வெயில்ல வந்துகிறீங்க, தண்ணி குடிங்க" என்று சொம்பில் நீர் கொடுத்தார். அந்நீரை வாங்கிப் பருகும்போது எனக்கு இரட்டைமலை சீனிவாசன் அவர்களின் நினைவு வந்தது என்று எழுதினால் படிப்போர் நம்பமாட்டார். உண்மையில் தாகமே பெரிதாயிருந்தது. பின்னரே நினைவு வந்தது. "ஆயா, பக்கத்து வீட்டாரோடு ஒற்றுமையாய் இருக்கின்றீர்களா?" என்று என் தோழர் சற்றே அசட்டுத்தனமாய்க் கேட்டுவிட்டார்.

ஆயா கீரையினின்றும் தலை தூக்கவில்லை. "ஒத்துமை என்னா ஒத்துமை. குப்பை கொட்றதுக்கு நித்தம் சண்டதான். ஆனா செவுரு ஒண்ணு பாரு. அவங்க ஆணி அடிச்சா எனக்குக் கேக்கும், நான் ராத்திரியில இருமினா அவங்களுக்குக் கேக்கும். போன மாசம் எனக்கு நெஞ்சு அடைச்சப்போ நூத்தியெட்டுக்கு போன் போட்டது அந்த வூட்டுப் பொண்ணுதான்" என்றார். பின்பு சொம்பைத் திரும்ப வாங்கிக்கொண்டு, இன்னும் கொஞ்சம் வேண்டுமா என்று கேட்டார்.